கூரையில் கழற்றிய காற்றாடிகள்

மாப்ளே,

ஆடிக் காற்று வந்துவிட்டது. இன்று காலை நம் சிங்காநல்லூர் வார்ப்படப் பவுண்டரிக்குப் பின்னால், பழைய இரும்புக் குவியலுக்குள் கரகரவென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால், கூரை உச்சியில் நீங்கள் பொருத்திய காற்றாடிகளில் ஒன்று, கழற்றிப் போட்ட இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருக்கும் அனலை வெளியே இழுக்கத்தான் அதை வைத்தீர்கள். இப்போது துருப்பிடித்த தகடுகளுக்கு நடுவே யாருக்கோ வேலை செய்கிறது.

ஏன் கழற்றினாய் என்று கேட்பீர்கள். பருவநிலையைக் காப்பாற்றத்தான். சிரிக்காதீர்கள்.

நீங்கள் கண்ணை மூடி வருஷம் திரும்புவதற்குள், நம் பம்பு வார்ப்புகளை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, பட்டறை பசுமையாக மாறினால்தான் ஆர்டர் என்று சொல்லிவிட்டது. சரவணம்பட்டியிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். உலைக் கொட்டகையின் வாசல்வரை வந்தவர், சட்டை வேர்வையில் நனைந்துவிடும் என்று திரும்பிக்கொண்டார். கூரையை மட்டும் ட்ரோன் விட்டுப் பார்த்தார். "சார், இந்தக் காத்தாடி நெழல் பேனல் மேல விழுதுங்க. எடுத்துட்டா இன்னும் ரெண்டு வரிசை போடலாமுங்க" என்றார். கழற்றிய இடங்களைத் தகடு வைத்து அடைக்கக் கையெழுத்துப் போட்டது நான்தான்.

சோலார் மேல் எனக்கென்ன பகை? அதை முதலில் கேட்டவரே நீங்கள்தானே. காற்றாடிக்கு உச்சி, பேனலுக்குத் தெற்குச் சரிவு என்று சாக்பீஸால் தரையிலேயே வரைந்து காட்டினீர்கள். "கரண்டு பில்லும் கொறையோணும், உள்ள நிக்கற சனமும் வேகாம இருக்கோணும். ரெண்டும் சேந்தாத்தான் மாப்ள தொழிலு" என்பீர்கள். அந்த ஆலோசகரின் வழவழப்பான அறிக்கையில் எத்தனையோ பக்கம் இருக்கிறது. இந்த ஒரு வரி எங்கேயும் இல்லை.

போன மாதம் பீளமேட்டில் ஒரு ஹோட்டலில் நமக்குப் பசுமை விருது கொடுத்தார்கள். பூமி சூடாவதைப் பற்றி ஆறு பேர் ஏசியில் நடுங்கிக்கொண்டே பேசினார்கள். வளர்ச்சியும் சுற்றுச்சூழலும் ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகள் என்றார் ஒருவர். அவர் கடைசியாக மாட்டைப் பார்த்தது பால் பாக்கெட்டில்தான் இருக்கும். எனக்குப் போர்த்திய சால்வை குளிருக்கு அடக்கமாக இருந்தது. அன்று அங்கே உபயோகப்பட்ட பொருள் அது ஒன்றுதான். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன்.

கூரையில் வரும் கரண்டு உலைக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. என் அறை ஏசிக்குத் தாராளமாகப் போதும்.

அந்த விருதுக்கு முன்னால், சித்திரையில் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வார்ப்புக்குள் வைக்க மணலில் கோர் அச்சுப் போடும் சரசாவை உங்களுக்கு நன்றாகத் தெரியும், நீங்கள் வேலைக்குச் சேர்த்தவர். மத்தியானம் உலைக்குப் பக்கத்தில், மணல் மேலேயே மயங்கி விழுந்துவிட்டார். காற்றாடிகளைத் திரும்பப் பொருத்தலாமா என்று ஆலோசகரிடம் கேட்டேன். பசுமை மதிப்பெண் குறைந்துவிடும் என்றார். காற்றாடிகளை இரும்புக் குவியலிலேயே விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு, மூன்றாம் நாள் சரசா என் அறைக்கு வந்தார். கூரையை ஏன் அடைத்தீர்கள் என்று கேட்கப்போகிறார் என நினைத்து, பதிலைத் தயாராக வைத்திருந்தேன். உலக நிலைமை, கம்பெனி நிபந்தனை, வெங்காயம். அவர் எதுவுமே கேட்கவில்லை. குளிருக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சுப்போடுங்க. நான் உளுந்ததுல ரெண்டு தட்டுக் கோர் ஒடஞ்சுபோச்சுங்க."

"பரவால்லீங்க அம்மணி. இனிமே பாத்துக்குங்க" என்றேன்.

ஆமாம் மாப்ளே, மன்னித்துவிட்டேன். கூரையை அடைத்தவன் நான், வெந்து விழுந்தவரைப் பெரிய மனசு பண்ணி மன்னித்தேன். அவரும் நன்றி சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போனார். விருதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அந்தப் 'பரவால்லீங்க'வை எங்கே வைப்பதென்று தெரியாமல் கூடவே வைத்துக்கொண்டு திரிகிறேன்.