சக்கரத்திலிருந்து எடுத்த கை

கடல் தாண்டிப் போன பிறகும் என்னை மாமா என்று கூப்பிடுகிற பெருந்தன்மைக்காரியான என் அருமை மருமகளுக்கு,

நான் நலம், உன் அத்தை என்னைவிட நலம், என் வலது முழங்கால் மட்டும் தனி நாடு கேட்டுப் போராடிக்கொண்டிருக்கிறது, பேச்சுவார்த்தை நடக்கிறது. நீ அங்கே நலமாக இருப்பதாகப் போனில் சொன்னாய், பாதி நம்பினேன், மீதிப் பாதிக்கு நீ நேரில் வந்து முகத்தைக் காட்ட வேண்டும். குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, அந்தச் சத்தத்துக்குத் தாளம் போட உன் அத்தை பழகிவிட்டாள். பக்கத்து வீட்டுப் பூனை நம் அலமாரியில் குட்டி போட்டிருக்கிறது, குட்டிகள் எல்லாம் என்னைத்தான் அப்பா என்று நினைத்துக்கொண்டு சட்டைக்குள் ஏறுகின்றன. உன் அறையில் உன் அம்மாவின் கருவிப் பெட்டி வைத்த இடத்திலேயே இருக்கிறது, அதைத் துடைக்கிற உரிமை எனக்கு மட்டும்தான், வேறு யாராவது தொட்டால் வீட்டில் உள்நாட்டுப் போர்.

போன வாரம் போனை வைப்பதற்கு முன் நீ ஒன்று கேட்டாய். நான் ஊரைவிட்டுக் கிளம்பின அன்னைக்கு அம்மா ஸ்டேஷனுக்கு வராததுக்கு எம்மேல கோவம்தானே காரணம், இப்பவாவது சொல்லுங்க மாமா என்று. நான் வழக்கம்போல எதையோ உளறிச் சிரிக்க வைக்கப் பார்த்தேன், நீ சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அதாவது மூன்றாவது தடவை போடுகிற சாப்பாடு. கிளம்புவதற்கு முன் நீங்கள் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். போய்ச் சேர்ந்த பிறகு நீ கேட்டபோதெல்லாம் அவள் வேலை இருந்துச்சுடி என்ற ஒற்றை வரிக்கு மேல் சொன்னதில்லை என்பதும் தெரியும். அடுத்த மழைக்காலத்துக்குள் அவள் காய்ச்சலில் போய்ச் சேருவாள், நீ வந்து முகம் பார்க்கக்கூட முடியாமல் போகும் என்பதுதான் யாருக்கும் தெரியாமல் போனது. ஆகவே வானமும் பூமியும் என் முழங்காலும் சாட்சியாக வாக்குக் கொடுக்கிறேன், இப்போது நான் சொல்லப்போகும் கதையை இந்த உலகத்தில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். வாழ்நாளெல்லாம் புலி வருது என்று கத்திப் பிழைத்தவன் வீட்டு வாசலில் ஒரு நாள் நிஜமாகவே புலி வந்து நின்றால் அவன் யாரைக் கூப்பிடுவான் சொல்.

உன் அம்மா, அதாவது என் அக்கா, லிஃப்ட் மெக்கானிக் என்பது உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் எப்பேர்ப்பட்ட மெக்கானிக் என்பது உனக்குத் தெரியாது, நீ அப்போது பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாய். அவள் கருவிப் பெட்டியோடு ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தாலே கெட்டுப்போன லிஃப்டெல்லாம் பயந்து தானாக ஓட ஆரம்பித்துவிடும். கம்பெனியில் இருந்த மற்ற மெக்கானிக்குகள் எல்லாம் மீசைக்காரர்கள், அவர்கள் நடுவில் இவள் ஒருத்தி. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் ஒரே கேள்விதான், மெக்கானிக் எப்பம்மா வருவாரு. இவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வந்தாச்சு, தண்ணிகூடக் குடிச்சாச்சு, மெயின் சுவிட்ச் எங்க இருக்கு என்பாள். வேலை முடிந்து கையைத் துடைக்கும்போது அடுத்த கேள்வி வரும், சார் யாராவது வந்து ஒரு தடவை பார்த்துருவாங்களாம்மா. சார் வருவாரு, அவரு வர்ற லிஃப்டையும் நான்தான் பார்க்கிறேன் என்பாள். முதல் வருஷம் தினமும் வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுவாள், அப்புறம் சாப்பிடுவாள். அப்புறம் அழுகையை விட்டுவிட்டாள், சாப்பாட்டை விடவில்லை. உன் அப்பா போன பிறகு உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தது நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேனே, என்னையும் சேர்த்துத் தூக்கியது அவள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். நீயும் அத்தையும் மூட்டை முடிச்சோடு பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தீர்கள், சாயங்கால ரயில், விடிந்தால் விமானம். உன் அம்மா லீவு போட்டுவிட்டுப் பின்னாலேயே வருவதாகச் சொன்னவள் வரவில்லை. போய் இழுத்துட்டு வாங்க மாமா என்று நீதான் என்னை அனுப்பினாய். நானும் திரும்பி வரவில்லை. ஏன் என்று நீ பிற்பாடு கேட்டபோது சர்க்கஸ் குதிரை ஒன்று என் சட்டையைக் கவ்விக்கொண்டு விடவில்லை என்று சொன்னேன். அந்தக் குதிரையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு ஐம்பது மாடிக் கட்டடம் இருக்கிறதே, அதன் லிஃப்டையும் பார்க்கிற உன் அம்மாவை வாசலில் வாட்ச்மேன் மடக்கிவிட்டார். கரண்ட் போய் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் தொங்குகிறது, உள்ளே நாற்பது பேர், அதில் ஒரு மந்திரி, ஒரு பாடகர், ஒரு பசுமாடு. இந்த இடத்தில் உன் அத்தை என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, கட்டடத்துக்கு ஏழு மாடிதான், உள்ள இருந்தது ஒரு அம்மாவும் சின்னப் பொண்ணும் மட்டும்தானாம், பிள்ளைக்கு எழுதுறதையாவது ஒழுங்கா எழுதுங்க என்கிறாள். சரி, அப்படியே வைத்துக்கொள். அந்தக் குழந்தை அழுகிற சத்தம் படிக்கட்டு முழுக்கக் கேட்டது, அதை நான் பெரிதாக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. கம்பெனி ஆள் வந்து சேர ரொம்ப நேரமாகும், உன் அம்மா லீவில் இருந்தாலும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். தேடிப் போன என்னைப் பார்த்ததும் ஏன் வந்தாய் என்றுகூடக் கேட்கவில்லை, நல்லவேளை, இதுக்கு ரெண்டு ஆள் வேணும், மேல ஏறுடா என்றாள்.

மொட்டைமாடியில் லிஃப்டுக்கென்று ஒரு சின்ன அறை உண்டு, மோட்டாரும் பெரிய உருளையும் கம்பிவடமும் அங்கேதான். கரண்ட் இல்லாதபோது மோட்டாரில் இருக்கிற சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் பெட்டியை அருகிலுள்ள மாடிக்குக் கொண்டுவர வேண்டும். பிரேக்குக்குத் தனியாக ஒரு இரும்புப் பிடி, அதை ஒருவர் அழுத்திப் பிடித்தால்தான் சக்கரம் சுற்றும், விட்டால் பிரேக் கவ்விக்கொள்ளும், பெட்டி இம்மியும் நகராது. பிடி என்றால் பிடிக்க வேண்டும், விடு என்றால் விட வேண்டும், நடுவில் வாயைத் திறந்தால் பல்லைக் கழட்டிடுவேன் என்று சொல்லி என்னைப் பிரேக்கில் நிறுத்திவிட்டு அவள் சக்கரத்தைப் பிடித்தாள். வடத்தில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இருக்கும், அந்தக் கோடு உருளைக்குப் பக்கத்தில் இருக்கிற அடையாளத்துக்கு நேராக வந்தால் பெட்டி மாடிக்குச் சரியாக வந்துவிட்டது என்று அர்த்தம். அவள் கண் அந்த வடத்தை விட்டு அசையவில்லை. என் பைக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது, நீதான் என்று தெரியும், என் இரண்டு கையும் பிரேக்கில். அந்த அறையில் ஒரே ஒரு ஜன்னல், அது தண்டவாளத்தைப் பார்த்த ஜன்னல், அவள் முதுகுக்குப் பின்னால், என் முகத்துக்கு நேராக.

ரயில் ஊதியது. போன் நின்றுபோனது. அக்கா, ஒரு நிமிஷம் நிறுத்திட்டு ஜன்னல்ல போய்ப் பார்த்துட்டு வா, பிரேக் கவ்விட்டா பெட்டி எங்கயும் போகாதுன்னு நீதானே சொன்னே என்றேன். கீழே குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. ஜன்னலுக்குப் போனா நான் இங்க திரும்ப மாட்டேன்டா, நீ பார்த்துச் சொல்லு என்றாள். பார்த்தேன். அவ்வளவு உயரத்திலிருந்து ரயில் பெட்டிகள்தான் தெரிந்தன, மனுஷ முகம் ஒன்றுகூடத் தெரியவில்லை. ஆனால் நான் யார், வாயைத் திறந்தால் என்ன வரும் என்று உனக்குத் தெரியாதா. பிள்ளை ஜன்னல்ல உட்கார்ந்திருக்கா அக்கா, நீலச் சட்டை, நம்ம பக்கம் பார்த்துக் கை காட்டுறா என்றேன். அவள் சக்கரத்தை இன்னும் கொஞ்சம் சுற்றினாள். அவ பச்சைச் சட்டைல போனாடா, இஸ்திரி போட்டதே நான்தான் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, அழாமல், வேலை சொல்கிற அதே குரலில், விடு என்றாள். விட்டேன். பிரேக் கவ்வியதைக் காதால் கேட்டு நிச்சயம் பண்ணிக்கொண்டு, வலது கையைச் சக்கரத்திலிருந்து எடுத்தாள், கிரீஸ் அப்பிய கறுத்த கை, அதைத் தலைக்கு மேலே தூக்கி ஜன்னல் பக்கமாக ஆட்டினாள். கண் வடத்திலேயே இருந்தது, திரும்பவில்லை. ரயில் சத்தம் தேயும்வரை ஆட்டினாள். அப்புறம் கையைப் பழைய இடத்தில் வைத்து, பிடி என்றாள். மஞ்சள் கோடு நேராக வந்தது, கீழே வாட்ச்மேன் கதவைத் திறந்தார், அழுகை நின்றது. படி இறங்கும்போது, இதை அவகிட்டச் சொல்லாத, சொன்னா அவ அங்க போயும் இங்கயே பார்த்துட்டு நிப்பா என்றாள். இத்தனை நாள் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டும் நீ இங்கேயேதான் பார்த்துக்கொண்டு நிற்கிறாய் என்று போன வாரம் உன் குரலில் தெரிந்தது, அதனால் சொல்லிவிட்டேன், அவள் வந்து பல்லைக் கழட்டட்டும், அதற்காகவாவது வரட்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள், லீவு கிடைக்கும்போது வா, குட்டிகள் பெரிதாவதற்குள் வந்தால் இன்னும் நல்லது. அங்கே லிஃப்ட் என்றைக்காவது நடுவில் நின்றுவிட்டால் கதவை உதைக்காதே, மணியை அடித்துவிட்டு அமைதியாக உட்கார், மேலே யாரோ தன் வேலையை எல்லாம் விட்டுவிட்டு உனக்காகச் சக்கரம் சுற்றிக்கொண்டிருப்பார்கள். நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அத்தையும் ஆசீர்வதிக்கிறோம், போதாதென்றால் இன்னொரு நூறு சேர்த்துக்கொள், என் கணக்கில். மந்திரி பொய், பசுமாடு பொய், ஐம்பது மாடி பொய், உன் நீலச் சட்டை பொய், இதில் இன்னும் எதைத் தள்ள வேண்டுமானாலும் தள்ளிக்கொள். அந்தக் கை மட்டும் நிஜம்.

இப்படிக்கு,
அப்பா வேலையையும் சேர்த்துப் பார்க்கும்
உன் மாமா