மாடிக்கு ஒரு குடம்

ஜூன் 18, புதன்

சாயங்காலம் மக ஆயிஷா அடுப்படியில உட்கார்ந்து வீட்டுப்பாடம் போட்டா. ஒன்பதாவது படிக்கிறா. பதினஞ்சு கிலோ தண்ணிக்குடத்தை நாலு மீட்டர் உசரத்துக்குத் தூக்கினா எவ்வளவு வேலைன்னு கணக்கு. அறுநூறு ஜூல்னு எழுதிட்டுச் சிரிச்சா.

"ஒரு பிஸ்கட் தின்னா நூறு குடம் தூக்கிரலாம் போலம்மா. இம்புட்டுதானா?"

இவளுக்கு முன்னாடி வயித்துல தங்காமப் போன பிள்ளையைப் பத்தி இவளுக்குத் தெரியாது. குழாய்த் தண்ணி மாடிக்கு ஏறாத வருசம் அது. குடம் தூக்கித்தான் போச்சுன்னு என் மாமியார் இன்னைக்கும் சொல்றாங்க. டாக்டரம்மா அப்படியெல்லாம் இல்லைன்னாங்க. நான் ரெண்டு பேரையும் நம்பலை.

"தூக்குறவ எடையைச் சேர்த்தியா?"ன்னு கேட்டேன்.

"கேள்வியில குடம் மட்டும்தாம்மா இருக்கு. வேணும்னா சேர்க்கிறேன். எடை எம்புட்டுன்னு சொல்லு."

அம்பதுன்னேன். எழுதிக்கிட்டா.

"அம்புட்டுதானே?"ன்னு நிமிர்ந்து பார்த்தா. தலையாட்டிட்டு அடுப்புல கொதிச்ச வெஞ்சனத்தைக் கிண்டப் போயிட்டேன்.

அம்புட்டு இல்லை. அந்தப் படியில என்கூட இன்னொரு எடையும் ஏறுச்சு. அது எவ்வளவுன்னு யாரும் நிறுத்துப் பார்க்கலை.