டோப்பா என்று தேடினால்

மார்ச் 4, செவ்வாய்

வெப்சைட் போட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இன்றும் தேடிப் பார்த்தேன். எங்கள் பெயரை எழுத்துப் பிசகாமல் அடித்தால்கூட வரவில்லை. அதே பெயரில் ஒரு பூக்கடை வருகிறது. நாய் வளர்க்கிற ஒருவர் வருகிறார். நாங்கள் மட்டும் இல்லை.

மனைவி உள்ளறையில் வேலையாக இருந்தாள். மெல்லிய வலைத்துணியில் ஒவ்வொரு இழையாக முடியைக் கோத்து முடிச்சுப் போடுகிற வேலை. தலை நிமிராமலே கேட்டாள்.

"வந்துச்சா?"

"வரும்."

"பஸ்ஸுக்கு நிக்கறவர் மாதிரியே சொல்றீங்க."

மார்ச் 6, வியாழன்

இந்தச் சைட் எதற்கு என்று எனக்கே ஒருமுறை எழுதிக்கொள்கிறேன்.

அவள் செய்வது புற்றுநோய் சிகிச்சையில் முடி போன பெண்களுக்கான செயற்கை முடி. இத்தனை காலம் ஆட்களை அனுப்பியது ஆஸ்பத்திரி நர்சம்மா. காதோடு காதாக ஒரு வார்த்தை சொல்லி, போன் நம்பரைக் கொடுத்து அனுப்புவார். அவர் ஓய்வு பெற்று மகனோடு போய்விட்டார். புதிதாக வந்தவர்களுக்கு எங்களைத் தெரியாது. இப்போது கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் நாற்காலியில் துணி மடித்து வைக்கிறோம்.

நானோ பத்திரிகையில் பக்கம் வடிவமைத்தவன். பத்திரிகையை மூடிவிட்டார்கள். அவள் வீடு பெருக்கும்போது காலைத் தூக்கிக்கொள்வதுதான் என் உத்தியோகம் என்று ஆகிவிட்டது. இதையாவது உருப்படியாகச் செய்ய வேண்டும்.

மார்ச் 19, புதன்

மச்சினன் வந்தான். சைட் போட்டுக் கொடுக்கிற தொழிலில் இருப்பவன். என் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு தட்டுத் தட்டி, அப்படியே சாய்ந்து சிரித்தான்.

"மச்சான், நீங்களே கதவைச் சாத்திட்டு யாரும் வரலைன்னு உக்காந்திருக்கீங்க."

சைட்டைக் கட்டும்போது, வேலை முடியும்வரை யாரும் பார்க்க வேண்டாம் என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டிருக்கிறேன். 'தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம்.' எடுக்க மறந்துவிட்டேன். அவர்களும் சொல் பேச்சுக் கேட்டு ஒதுங்கி இருந்திருக்கிறார்கள்.

அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகிறது. அசடு வழிந்ததுகூட நல்லதற்குத்தான்.

ஏப்ரல் 2, புதன்

வந்துவிட்டோம்! ஐந்தாம் பக்கத்தில், நாய்க்காரருக்கும் கீழே. இருந்தாலும் வந்துவிட்டோம்.

ஏப்ரல் 23, புதன்

ஐந்தாம் பக்கம்வரை யாரும் புரட்டுவதில்லையாம். பத்திரிகைக்காரனுக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்? உள்பக்கத்தில் ஒரு மூலையில் போட்டால் போடாததற்குச் சமம்தான்.

ஜனங்கள் என்ன அடித்துத் தேடுகிறார்கள் என்று மச்சினன் காட்டினான். 'சிகிச்சையில் முடி இழந்தவர்களுக்கு' என்று தேடுபவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். 'டோப்பா' என்று தேடுபவர்கள் கொள்ளை கொள்ளையாக. டோப்பா வாடகைக்கு, டோப்பா பார்ட்டிக்கு, டோப்பா போட்டோ எடுக்க.

அவளுக்கு அந்த வார்த்தையே ஆகாது. "இங்க வந்து உக்கார்றவங்க காதுல அது விழக்கூடாதுன்னுதான் நான் பாத்துப் பாத்துப் பேசறேன்." கேட்டுக்கொண்டேன். ஆனாலும் தலைப்பில் போட்டேன். போடாமல் எப்படி?

இன்னொன்றும் செய்தேன். முகப்பின் மேலே அவள் எழுதிக் கொடுத்த ஒரு பத்தி இருந்தது. 'சிகிச்சையில் இருப்பவர்கள் போன் செய்துவிட்டு வாருங்கள். அந்த நேரத்தில் வேறு யாரையும் வரச் சொல்ல மாட்டேன்' என்று தொடங்கி நீளமாகப் போகும். மீதி எனக்கு வரிக்கு வரி நினைவில்லை. அதைக் கீழே இறக்கலாம் என்றுதான் மச்சினன் சொன்னான். கீழே இறக்கினால் படங்கள் வரிசை தப்பின. எடுத்துவிட்டேன். பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

அவள் சைட்டைத் திறந்து பார்ப்பதே இல்லை. மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்.

மே 11, ஞாயிறு

முதல் பக்கம். மச்சினன் போனிலேயே விசிலடித்தான். காலையிலிருந்து போன் ஓயவில்லை.

ஜூன் 5, வியாழன்

வேலைக்கு இரண்டு பெண்களை வைத்திருக்கிறோம். கூடம் முழுக்கப் பொம்மைத் தலைகள். நீலத்தில், ரோஸில், சுருட்டையாய். நேற்று ஒருவர் நாடகத்துக்குச் சிங்கத்தின் பிடரி கேட்டார். அவள் அதையும் செய்து கொடுத்தாள். அவர் அதை மாட்டிக்கொண்டு வாசலில் ஒரு கர்ஜனை போட, எதிர்வீட்டுக் குழந்தை வீறிட்டு அழுதது.

சாப்பிடும்போது அவள் கேட்டாள். "அந்தப் பொம்பளைங்க யாருமே வரதில்ல. கவனிச்சீங்களா?"

"எல்லாருக்கும் குணமாகியிருக்கும்" என்றேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். என்ன பேச்சுப் பேசிவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

முதல் பக்கத்தில் முதல் இடம். அவளிடம் ஓடிப்போய்க் காட்டினேன். "சரி, சாப்பிடுங்க, ஆறுது" என்றாள்.

அக்டோபர் 13, திங்கள்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மத்தியானம் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தலையில் முடி குட்டையாக முளைத்திருந்தது. இன்னொருவர் அதே பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர், தலையில் துணி கட்டியிருந்தார். கூடத்தில் இருந்த நீலத்தையும் ரோஸையும் பார்த்து அந்த அம்மா வாசலிலேயே தயங்கினார். டீச்சர்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார்.

நான் டீ கொண்டுபோனபோது டீச்சர் பேசிக்கொண்டிருந்தார்.

"இவங்க டாக்டரோட ரூம்ல இருக்கற பழைய ஆயாம்மா சொல்லித்தான் வந்தோம். நீங்க இதெல்லாம் பண்றீங்கன்னே எனக்குத் தெரியாதுங்க. எனக்கு முடி போனப்ப நானும் தேடினேன். உங்க சைட்தான் முதல்ல வந்துச்சு. திறந்தேன். டோப்பா, பார்ட்டி, டிராமான்னு இருந்துச்சா, இது நமக்கில்லைன்னு மூடிட்டேன்."

அவள் சட்டென்று சொன்னாள். "இருக்குமே. மேலயே இருக்குமே, நான் எழுதினது."

டீச்சர் இல்லை என்று தலையசைத்தார். அவள் என்னைப் பார்த்தாள்.

தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே வைக்கவும் தோன்றவில்லை. "எழுதியிருந்தா. நான்தான் எடுத்துட்டேன்" என்றேன்.

டீச்சர் என்மேல் கோபப்படவில்லை. சும்மா ஊர்க்கதை சொல்வதுபோலச் சொன்னார். "ஆகஸ்ட்ல என் பொண்ணுக்குக் கல்யாணம். தலையில துணியக் கட்டிக்கிட்டுதான் நின்னேன். போட்டோ எடுக்கறவர் அம்மாவக் கூப்பிடுங்கன்னு சொல்றப்ப எல்லாம் ஏதோ வேலை இருக்கற மாதிரி உள்ள போயிடுவேன். ஆல்பம் வந்துச்சு, போன வாரம். ஒண்ணுலயும் நான் இல்ல. என் பொண்ணு புரட்டிப் புரட்டிப் பாத்துட்டு, நீ எங்கம்மா போனேன்னு கேக்கறா."

அவள் எழுந்து போய் வேலைக்கு இருக்கும் பெண்களிடம் கூடத்துக் கதவைச் சாத்தச் சொன்னாள். திரும்பி வந்து அந்த அம்மாவின் தலைத்துணியை மெல்ல அவிழ்த்தாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

முதல் இடத்தில்தானே நின்றோம்? அந்த டீச்சர் தேடினார், வந்தோம், திறந்தார். திறந்த பிறகு அங்கே அவருக்கென்று ஒரு வரி இல்லை. ஏன்டா எடுத்தே? படம் வரிசையா நிக்கணும்னு. சே.

அக்டோபர் 14, செவ்வாய்

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பழைய பத்தியைத் தேடினேன். எங்கும் இல்லை. மச்சினனுக்குப் போன் செய்தேன். "மாத்தறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வெச்சீங்களா, மச்சான்?" வைக்கவில்லை. அவளிடமே போய் நின்றேன், மறுபடி எழுதித் தருகிறாயா என்று.

"அன்னைக்கு எழுத வந்துச்சு. நர்சம்மா போன புதுசு, யாராவது வழி தெரியாம நின்னுடப் போறாங்கன்னு மனசு அடிச்சிக்கிட்டுது, எழுதினேன். இப்ப கேட்டா என்னத்த எழுதறது?"

அக்டோபர் 29, புதன்

நானே எழுதினேன். அடித்து அடித்துத் திருத்தி, இன்று காட்டினேன். முழுக்கப் படித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா விளம்பரமா இருக்குங்க."

இருந்தாலும் முகப்பில் மேலே போட்டிருக்கிறேன். டோப்பாவை எடுத்துவிட்டேன். மூன்றாம் பக்கத்துக்கு இறங்குவோம் என்று மச்சினன் எச்சரித்தான். இறங்கட்டும்.

நவம்பர் 8, சனி

எடுத்துப் பிரயோஜனமில்லை. எங்கள் சைட்டைக் காட்டி எழுதியவர்கள் எத்தனையோ பேர், எல்லோரும் டோப்பாக்கடை என்றே எழுதியிருக்கிறார்கள். இன்றும் டோப்பா என்று அடித்தால் எங்கள் பெயர்தான் வருகிறது. கதவைத் திறக்கத் தெரியாமல் அன்று திண்டாடினேன். இப்போது வந்த பெயரைத் துடைக்கத் தெரியவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறாள். என்னிடம் சொல்லாமல். வார்டுக்குப் பக்கத்தில் சாமான் போட்டு வைத்திருந்த சின்ன அறையை ஒழித்துத் தருகிறார்களாம். வாரத்தில் பாதி நாள் அங்கே.

"இங்க இருக்கற ஆர்டரை அந்தப் பொண்ணுங்க பாத்துப்பாங்க. கூட நீங்க இருக்கீங்க. நல்லாத்தானே ஓடுது."

குத்திக்காட்டிச் சொன்னாளா? இல்லை. நல்லாத்தான் ஓடுகிறது.

"அந்த ரூம் விவரத்தை உடனே சைட்ல போட்டுடறேன்" என்றேன். ஆர்வக்கோளாறு.

"வேணாங்க."

"ஏன்? தேடறவங்களுக்குத் தெரியணும்ல?"

"வேணாம்னா விடுங்களேன்."

கோபமே இல்லாத குரல். அதுதான் தாங்க முடியவில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

ஒருவர் போன் செய்தார். அம்மாவுக்கு முடி கொட்ட ஆரம்பித்துவிட்டதாம். "உங்க சைட்ல ஏதோ எழுதியிருக்கு சார், நிஜமாவே பண்றீங்களா, இல்ல சும்மா போட்டிருக்கீங்களா?"

நிஜம்தான் என்றேன். ஆஸ்பத்திரியின் பின்வாசல், லிஃப்ட்டைவிட்டு வெளியே வந்ததும் இடதுகைப் பக்கம், பெயர்ப்பலகை இல்லாத கதவு என்று வழி சொன்னேன். அவர் எழுதிக்கொள்ளும்வரை காத்திருந்து, இன்னொரு முறையும் சொன்னேன்.

சாயங்காலம் அவளிடம் சொன்னேன். "அந்த அம்மாவுக்கு நடக்க முடியுமா? கேட்டீங்களா?" கேட்கத் தோன்றவில்லை. இனி கேட்பேன்.

ஜனவரி 8, வியாழன்

பை கனமாக இருந்ததால் இன்று நானே அவளைக் கொண்டுபோய் விட்டேன். வார்டு நடையில் பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் ஒருவர் எழுந்து நின்று தலைத்துணியைச் சரி செய்துகொண்டார். "உக்காருங்கம்மா, கதவைத் திறந்துட்டுக் கூப்பிடறேன்" என்றாள். வீட்டில் இப்போது நான் கேட்காத குரல் அது. பையை வாங்கிக்கொண்டு, "நீங்க கிளம்புங்க, இங்க ஆம்பளைங்க நின்னா இவங்களுக்குச் சங்கடமா இருக்கும்" என்றாள்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். அவள் பெயரையும் ஆஸ்பத்திரி பெயரையும் சேர்த்து அடித்துத் தேடினேன். எதுவும் வரவில்லை.

அப்படியே இருக்கட்டும் என்று மூடிவிட்டு, சிங்கப் பிடரிக்காரர் கேட்டிருந்த இரண்டாவது பிடரியைப் பெட்டியில் வைத்துக் கட்டினேன்.