சாமியின் இடுப்புக் கயிறு

7.8.79, செவ்வாய்
விடியலிலிருந்து மழை. தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டு இல்லை. துணி காயப்போடும் கொடிக்கயிற்றின் நுனியில் மறுபடியும் முடிச்சு. யார் வேலையோ. அவிழ்த்தேன்.

மாதா கோயில் திருநாளுக்கு பிரான்சிஸ் சபைச் சாமி வந்துவிட்டார். போன வருடம் வந்தவரே. சிங்கப்பூர் மடம். மண் நிற அங்கி, அதிலும் ஒட்டுப்போட்டது. ஒரு துணிப்பை, அவ்வளவுதான் சொத்து. தோட்டத்து ஆபீஸ் கிராணி வீட்டில் கட்டில் போட்டுவைத்தார்கள். வேண்டாமாம். பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகை பெஞ்சு போதுமாம்.

என் மகன் ராயனுக்கு சுங்கை பட்டாணி ஃபேக்டரியிலிருந்து கடிதம். அடுத்த மாதம் வேலை. மாதாவே, கண் திறந்தாயே!

9.8, வியாழன்
சாமி தட்டோடு லயத்தில் வீடு வீடாக வருகிறார். கேட்டு வாங்கிச் சாப்பிடுவது சபை வழக்கம். இந்து வீடு, கிறிஸ்துவ வீடு பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டு லெட்சுமிக்குத் தலைகால் புரியவில்லை. "கருவாட்டுக் குழம்பு ரெண்டு தரம் கேட்டாருலா அக்கா!"

நான் கொடுத்த புதுத் துண்டு மாலையில் கள்ளுக்கடை முனியன் தோளில். பற்றிக்கொண்டு வந்தது. சாமியிடம் கேட்டே விட்டேன்.
"அவரு நனைஞ்சிட்டு நின்னாரும்மா."
வெட்கமாகிவிட்டது. இப்படியும் ஒரு மனிதர்.

11.8, சனி
வெயில். சாமி அங்கியைத் துவைக்க வாங்கி வந்தேன். அதுவரை ராயனின் சாரோங்கில் சாமி. இடுப்புக் கயிறு மூன்று இடத்தில் சிக்கிக் கிடந்தது. ஆம்பிளைக்கு என்ன தெரியும் என்று நகத்தால் நோண்டி, அவிழ்த்து, சோப்புப் போட்டுக் காயவைத்தேன். அரை மணி நேர வேலை.

கொண்டுபோய்க் கொடுத்தால், வயிறு குலுங்கச் சிரிக்கிறார்.
"ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல். சபையில சேரும்போது கொடுத்த மூணு வார்த்தைப்பாட்டுக்கும் மூணு முடிச்சும்மா. எல்லாத்தையும் ஒரே சோப்புல கழுவிட்டீங்களே!"
ஐயோ, மானம் போயிற்று.

கூட வந்த ராயன் கயிற்றை வாங்கினான். நாலு சுற்று, உள்ளே விட்டு, ஒரே இழுப்பு. மூன்றும் அச்சாக.
"எங்க கத்துக்கிட்ட தம்பி?"
"போன வருஷம் உங்க இடுப்புல பார்த்தேன் சாமி. வீட்டுல கட்டிக் கட்டிப் பார்ப்பேன்."
என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. கொடிக்கயிற்று முடிச்சு ஞாபகம் வந்தது.

12.8, ஞாயிறு
பூசை முடிந்ததும் வீட்டில் சண்டை. ராயன் சாமியோடு போய்ச் சபையில் சேரப்போகிறானாம். கேட்கத் தைரியம் இல்லையாம், ஒரு வருடமாக! ஒரே பிள்ளை. அவன் அப்பா போய் ஆறு வருடம்.

நேரே ஆயாக்கொட்டகைக்குப் போய்க் கத்தினேன். "பிச்சை எடுக்கவா சாமி பெத்தேன்?"
கோபிக்கவில்லை. "நீங்க சரின்னு சொல்லாம கூட்டிட்டுப் போக மாட்டேன்மா. வேணாம்னா வேணாம்தான்."
திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

மாலை, தட்டோடு என் வாசலில் நிற்கிறார். அத்தனை பேசியவள் வாசலில்! சோறு போட்டேன். ரசம் நன்றாக இருக்கிறது என்றார். உப்பே போடவில்லை, பிறகுதான் தெரிந்தது.

15.8, புதன்
திருநாள். நல்ல கூட்டம். லெட்சுமியும் மெழுகுவத்தியோடு வந்தாள். தேர் நின்றதும் சாமியிடம் போய்ச் சரி என்றேன். அவர் கண்ணும் கலங்கியது. பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாமாம். இவரைப்போல ஆவான் என்றால் ஏன் திரும்ப வேண்டும்? ஆனாலும் ஒரே பிள்ளை.

17.8, வெள்ளி
ஏழு மணி பஸ். போய்விட்டான். மூன்று சட்டை வைத்தேன். ஒன்றை எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அதைத் துவைத்துக் காயப்போடப் போனேன். கொடிக்கயிற்றின் நுனியில் மூன்று முடிச்சு.

அவிழ்க்கவில்லை.