மாடி வீட்டுக்கு ஆள்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா விட்டுப்போன வீட்டின் மேல் நீ புதிதாகக் கட்டிய மாடிக்கு வாடகைக்கு வருகிறவர்களிடம் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று, போன வாரம் நான் வந்திருந்தபோது கேட்டாய். பல வீடுகளில் குடியிருந்தவளுக்குத் தெரிந்திருக்கும் என்றாய். அன்று பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

என்னிடம் எல்லோரும் முதலில் கேட்பது, “உங்க ஊட்டுக்காரரு எங்கீங்க?” என்றுதான். பிரிந்துவிட்டோம் என்றால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

உனக்கு அதுவும் தெரிந்தே இருந்தது. “தனியா இருக்கற பொம்பளைக்கு மட்டும் உடக்கூடாதுக்கா, அக்கம்பக்கத்துல பேசுவாங்க” என்று என்னிடமே சொன்னாய். இருக்கிற வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்று உன்னிடம் சொல்லத்தான் வந்திருந்தேன். காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

காரமடையில் வீடு கிடைத்துவிட்டது. அந்த வீட்டுக்கார அம்மா என் சாதியைக் கேட்கவில்லை, சம்பளத்தைக்கூடக் கேட்கவில்லை. “ஏனுங்க அம்மணி, ஆத்திர அவசரத்துக்குக் கூப்புடக் கூடப்பொறந்தவங்க ஆராச்சும் இருக்காங்களா?” என்று மட்டும் கேட்டார்.

“ஆருமில்லீங்க” என்றேன்.

இப்படிக்கு,
அக்கா