பாஞ்சாலி வீட்டு வேப்ப நிழல்

சேசு மரி சூசை துணை

காரிமங்கலம்,
24.8.1987

அன்புள்ள தம்பி ஸ்தனிஸ்லாசுக்குச் சின்னம்மா புஷ்பமேரி எழுதிக்கொள்வது.

நான் உனக்கு எழுதுவதற்கே முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்த வீட்டுக்கு வந்த எட்டு வருடமாக அப்பாவின் கடிதத்தில் சின்னம்மாவும் கேட்டதாக ஒரு வரி வருவதோடு சரி, தனியாக எழுத உட்கார்ந்தால் உன் அம்மா எழுதியிருக்க வேண்டிய இடத்தில் நான் எழுதுகிறேனே என்று கை கூசிவிடும். இங்கே அப்பா, நான், உன் தங்கை ரோசி மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே அந்த மணல் காற்றில் உனக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் செபமாலையில் ஒரு பத்து உனக்காகச் சொல்கிறேன். மேட்டுக்காட்டில் கடலை பூ விட்டிருக்கிறது, இன்னும் ஒரு மழை வந்தால் தேறிவிடும். அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் தைலம் தேய்த்துக்கொள்ளச் சொன்னால் கோபம் வருகிறது. ரோசி இரண்டாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறாள், அண்ணன் ஏன் எழுதவில்லை என்று தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள். நீ ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும் தம்பி. அதற்குக் காரணம் நான்தான், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பங்குனியில் நீ ஜோத்பூரில் வேலை செய்யும் கம்பெனியிலேயே வாங்கி அனுப்பிய சோலார் பலகையை அப்பா ஓசூர் லாரி ஆபீசிலிருந்து பிள்ளையைத் தூக்கி வருவது போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். கூட வந்த இங்கிலீஷ் தாளைப் படிக்க வீட்டில் என்னை விட்டால் ஆள் இல்லை. எங்கள் தெருவிலேயே காலேஜுக்குப் போன முதல் பெண் என்று சொல்லிச் சொல்லியே என்னை இந்த வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள், இத்தனை வருடத்தில் அந்தப் படிப்புக்கு ஒரு வேலை வந்தது அன்றைக்குத்தான். தெற்குப் பார்த்து இருபத்தாறு டிகிரி சாய்க்க வேண்டும், தெற்கே மரம் இருக்கக் கூடாது, வடக்கே எது இருந்தாலும் பாதகமில்லை என்று தாளில் போட்டிருந்தது. கோணமானியை வைத்து டிகிரி பிசகாமல் அளந்து, மாடி மெத்தையின் வடக்கு ஓரத்தில், வீட்டுக்கு வடக்கே நிற்கிற நம் மாமரத்துப் பக்கமாக இடம் காட்டினேன். தெற்கே பாஞ்சாலி வீட்டு வேப்பமரம் நின்றது. அதை வெட்டியாக வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னவளும் நான்தான்.

பாஞ்சாலியை உனக்குத் தெரியும், நம் காட்டுக்குக் கூலிக்கு வருகிறவள், என்னைவிட ஒரு வயது சின்னவள். அந்த வேம்புதான் அவளுக்கும் இன்னும் நாலு பெண்களுக்கும் வேலை செய்கிற இடம். மாசியிலிருந்து வைகாசி வரைக்கும் அதனடியில் உட்கார்ந்து புளி தட்டுவார்கள், அது முடிந்தால் விதைக்கடலை உடைப்பார்கள். மரம் அவள் வாசலில் நின்றாலும் அந்த இடம் நம் பட்டாவில் இருக்கிறது, அவள் எதைச் சொல்லி மறுப்பாள். ஆனாலும் ஒன்று சொன்னாள். "மேரியக்கா, சித்திரை பொறந்து பத்து நாளு போனா வெயிலு வடக்கால போயிருங்க. அப்ப எங்க மரத்து நெழலு தெக்கால எங்க வாசல்லதான் வுழும், நாங்கதான் பாயத் தூக்கிக்கிட்டு அது பின்னாலயே சுத்தறமே. உங்க வூட்டு மேல நெழலு கட்டறது உங்க மாமரந்தானுங்க" என்றாள். நான் தாளை விரித்து விரலை வைத்துக் காட்டி, சூரியன் எப்போதும் தெற்கேதான் போகும், இதில் போட்டிருக்கிறது என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன், அந்தச் சிரிப்புதான் இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அவளோடு புளி தட்டிக்கொண்டிருந்த பெரியம்மாள், "உடுடி பாஞ்சாலி, படிச்சவங்க சொன்னா சூரியனே வழி மாறிப் போவும்" என்றாள். அதைக்கூட எனக்கு மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் மரம் வெட்டுகிற மாரப்பன் கோடாலியோடு வந்தார், பொழுது சாய்வதற்குள் மரம் விழுந்துவிட்டது.

முதல் ஒரு மாதம் கரண்டு போனாலும் நம் வீட்டில் நாலு மணி நேரம் விளக்கு எரிந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாம் ரோசியோடு வந்து உட்கார்ந்து படித்தார்கள். வைகாசியில் அது இரண்டு மணி நேரம் ஆயிற்று, ஆனியில் ஏழு மணிக்குப் போட்டால் எட்டுக்கு முன்னாலேயே மங்கிவிடும். கம்பெனியில் கழித்துப் போட்டதை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அப்பா உனக்கு எழுதினாரே, அந்த வரியைச் சொல்லிக்கொடுத்தவள் நான். அதற்கு நீ, என் கையாலேயே சோதித்து அனுப்பினேன், இங்கே இதே பலகை ஐந்து மணி நேரம் கொடுக்கிறது என்று நாலு வரி எழுதினாய், அதற்குப் பிறகு கடிதமே இல்லை.

ஆடியில் ஒரு நாள் பலகையைத் துடைக்கலாம் என்று ஈரத் துணியோடு மேலே போனேன். காலை பத்து மணி, பாதிப் பலகை மாமர நிழலில் கிடந்தது. சரி, நகரும் என்று உட்கார்ந்தேன். மூன்று மணி வரைக்கும் உட்கார்ந்தும் அது முழுதாக விலகவே இல்லை, ஒரு ஓரத்தில் நிழல் பட்டாலே பலகை மொத்தமும் சோர்ந்துவிடும் என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் நிழல் எனக்குத் தெற்கே விழுந்தது. கீழே பார்த்தால், மரம் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் நாலு குச்சி நட்டுப் பழைய சேலையைக் கட்டி, அதனடியில் பாஞ்சாலியும் மற்றப் பெண்களும் நெருக்கிக்கொண்டு கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். இறங்கி வந்து தாளை எடுத்தேன். அடியில் சின்ன எழுத்தில், இந்தக் கணக்கு ஜோத்பூருக்கு, மற்ற ஊருக்கு அட்சரேகை பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. படித்திருந்தேன் தம்பி, படித்துவிட்டு வெயில் எங்கேயும் வெயில்தானே என்று விட்டுவிட்டேன். அட்லசில் பார்த்தால் உன் ஊர் கடக ரேகைக்கு மேலே இருபத்தாறில் இருக்கிறது, அங்கே சூரியன் ஒரு நாளும் உச்சியைத் தாண்டி வடக்கே போகாது. நம் ஊர் பன்னிரண்டில் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊர்களில் வருடத்துக்கு இரண்டு தடவை சூரியன் தலைக்கு மேலே வரும், நடுவில் நாலு மாதம் வடக்கே நிற்கும் என்று பரீட்சையில் படம் போட்டுப் பதினைந்து மார்க்குக்கு எழுதியவள் நான். புவியியல்தான் நான் படித்த படிப்பு. ஆடி மேகமும் ஒரு காரணம், உங்கள் பக்கம் போல இங்கே தெளிந்த வானம் கிடையாது, ஆனால் அந்த மேகத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ள முடியாது. மார்கழியில் வேம்பின் நிழல் கொஞ்சம் நம் மெத்தையைத் தொட்டிருக்கும், அதற்கு இரண்டு கிளையைக் கழித்திருந்தால் போதும்.

பாஞ்சாலியிடம் போய்ச் சொன்னேன். சொன்னேன் என்பதைவிட வாசலில் நின்று திக்கினேன். அவள் கேட்டுவிட்டு, "இந்தாக்கா, இந்தப் பாய அந்தாண்டப் பக்கம் புடி, வெயிலு வந்துருச்சு" என்றாள். பிடித்து நகர்த்திக் கொடுத்துவிட்டு வந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

சாய்மானத்தைப் பன்னிரண்டுக்குக் குறைத்துவிட்டேன். நிழலுக்கு வழி இல்லை, நம் மெத்தை சின்னது, எந்த மூலைக்குப் போனாலும் ஏதோ ஒரு வேளை மாமரம் தொடுகிறது. அப்பாவிடம் மாமரத்தைப் பற்றி மட்டும் சொன்னேன், பாஞ்சாலி முன்னாலேயே சொன்னதை மறைத்துவிட்டேன். அவர் உடனே, செப்டம்பர் எட்டில் மாதா திருநாள் கழிந்ததும் மாரப்பனைக் கூப்பிட்டு அதையும் வெட்டிவிடலாம் என்கிறார். அது உன் அம்மா இன்னாசியம்மாள் வைத்த மரம், அதன் முதல் காயை நீதான் பறித்தாய் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். மகனுக்கு ஒரு வார்த்தை எழுதிவிட்டு வெட்டலாம் என்று நாள் கேட்டிருக்கிறேன். அடுத்தவள் மரத்துக்கு ஒரு நாள்கூட யோசிக்காத எனக்கு நம் மரம் என்றதும் யோசிக்க நாள் வேண்டியிருக்கிறது, இதை எழுதும்போதே முகம் சுடுகிறது.

வேளைக்குச் சாப்பிடு, எண்ணெய் தேய்த்துக் குளி, கிறிஸ்துமசுக்கு லீவு இப்போதே எழுதிக் கொடுத்துவிடு. மாதாவும் உன் அம்மாவும் உனக்குத் துணை இருக்கட்டும், என் ஆசீர்வாதம் செல்லுமானால் அதுவும் உண்டு. என்மேல் கோபம் இருந்தாலும் ரோசிக்கு ஒரு கார்டு போடு.

கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லை. மாமரம் இருக்கட்டும். அந்தப் பலகையைப் பாஞ்சாலி வாசலில், வேம்பு நின்ற இடத்தில் கம்பம் நட்டு, அவள் வீட்டுக்கே கொடுத்துவிடச் சொல்லி அப்பாவுக்கு நீ எழுத வேண்டும். அங்கே இனி வருடம் பூராவும் வெயில் விழும், அதற்கு வழி செய்தவள் நான்தானே. அவள் மகள் செல்லியும் ரோசியும் ஒரே வகுப்பு, ரோசி அங்கே போய்ப் படிக்கட்டும். நீ கொடுத்த பொருள், நீ சொன்னால்தான் அப்பா கேட்பார். நான் கேட்டதாக எழுத வேண்டாம் என்று முதலில் எழுதினேன், மேலே அடித்திருப்பது அதுதான். நான் கேட்டேன் என்றே எழுது, பாஞ்சாலி அன்றைக்குச் சொன்னதையும் சேர்த்து எழுது. திருநாளுக்கு முன்னால் கடிதம் வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
உன் சின்னம்மா
ச. புஷ்பமேரி