ஸ்மார்ட் போர்டில் மை

என்னோடு பேசாத என் பேச்சுத்துணைக்கு,

ஸ்மார்ட் போர்டில் மார்க்கரால் எழுதிய ஒரே வருங்கால ஆசிரியை நான்தான். பயிற்சி வகுப்புக்கு மதிப்பெண் போட வந்த மேடம் முறைக்க, நானும் கையால் தேய்தேய் என்று தேய்த்தேன். மை போகவில்லை, மானம்தான் போனது.

போன மாதம் உன் பயிற்சி வகுப்பில், பிள்ளைகள் போர்டில் எந்த விடையைத் தொட்டாலும் கழுதை கத்தும்படி உன் வினாடி வினாவை மாற்றி வைத்தவள் நான். நீ அழுதாய். ஃபெயிலும் ஆனாய். இன்று நீ விழுந்து விழுந்து சிரித்திருக்கலாம். ஆனால் சானிடைசரில் நனைத்த துணியோடு ஓடிவந்து, "தள்ளுடி எருமை, இதுல விரலாலயே எழுதலாம்" என்று துடைத்துவிட்டாய். நான் பாஸ்.

நன்றிடி.

பிறகு மேடத்திடம் கழுதை விஷயத்தை ஒப்புக்கொண்டேன். என் மதிப்பெண்ணை ரத்து செய்துவிட்டார். திங்கட்கிழமை நாம் இரண்டு பேருமே மறுபடி பாடம் எடுக்கிறோம். முதல் பீரியடை உனக்குக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பக்கத்து நாற்காலி